பொலித்தீன் பிரிக்காத மெத்தை

போன வாரம் எங்கம்மா சண்முகவடிவு மலையில தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்தத சொல்லி நிறுத்துனேன். கொழுந்துப் பையோடதான் விழுந்துச்சு. தூக்கிவிட ஓடிவந்த கங்காணி மொதல்ல பைய எடுத்து நிமித்தி வச்சிட்டு, அதுக்குப் பொறகுதான் அம்மாவப் பாத்தாராம். அத நெனைச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது.

இடுப்பு வலி அம்மாவுக்குப் புதுசு இல்ல. ஜீவராணின்னு பேரு வச்ச இந்த மகள வயித்துல சுமந்தப்பவே முதுகுல கூடையையும் சுமந்த ஆளு அது. ஆனா விழுந்ததுக்குப் பொறகு பாய விட்டு எந்திரிக்கிறதே பெரும்பாடா போச்சு. ஒருக்களிச்சு, முட்டி போட்டு, செவத்தப் புடிச்சு, அப்பறம்தான் நிக்கும். அதுக்குள்ள காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல ஆள் பிரிச்சு மலைக்கு அனுப்பிருவாங்க. லேட்டா போனா அன்னைக்குப் பேரு கெடையாது, சம்பளமும் கெடையாது.

ஆஸ்பத்திரியில டாக்டர் சிங்களத்துல சொன்னத நர்ஸ் தமிழ்ல தெளிவா எடுத்துச் சொல்லிச்சு. "சிமெந்துத் தரையில பாய் போட்டுப் படுக்கிறத மொதல்ல நிப்பாட்டுங்க. அதுக்காக அமுங்கிப் போற ஸ்பஞ்சு மெத்தையும் வாங்கிறாதீங்க. முதுகத் தாங்கிப் புடிக்கிற மாதிரி கொஞ்சம் கெட்டியா பாருங்க."

அம்மா தலைய தலைய ஆட்டிட்டு வெளிய வந்து என்கிட்ட கேட்டுச்சு: "குளுசை ஒன்னும் எழுதித் தரலையா?"

சரி, இது ஆகுற கதை இல்லன்னு நானே முடிவு பண்ணுனேன். நான் வேலை பாக்குற கார்மெண்ட்ஸ்ல குடுத்த போனஸ தொடாம வச்சேன். ஞாயித்துக்கெழம ஹட்டனுக்குப் போறோம், அம்மாவுக்கு மெத்த வாங்குறோம். அவ்வளவுதான்.

அங்கதான் எங்கண்ணன் போன் வந்துச்சு. யோகேஸ்வரன், கொழும்புல ஹார்ட்வெயார் கடையில வேலை. உடப்புசல்லாவையில பொண்ணு பேசியிருக்கு, பேரு தனுஜா. பொண்ணு வீட்டுக்காரங்க எங்க வீடு பாக்க வாராங்களாம். எப்ப? அதே ஞாயித்துக்கெழம, பொழுது சாய.

"மெத்தைய அப்பறம் பாத்துக்குவம்டி" அப்படின்னுச்சு அம்மா.

"அப்பறம் அப்பறம்னு சொல்லித்தான் ஒன் முதுகு வில்லா வளைஞ்சிருக்கு. விடிய போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துருவம். வா."

அப்பாவுக்கு வீடு கூட்டுற வேலையக் குடுத்துட்டு, நோட்டன் பிரிட்ஜ்ல பஸ் ஏறுனோம்.

*

பஸ் ஸ்டாண்டுக்கு மேல இருக்கிற பாவா நானா கடை. மெத்தைங்கள நிறுத்தி வச்சிருந்தாரு, செவரு மாதிரி. அம்மா ஒவ்வொன்னா விரலால அமுக்கிப் பாத்துச்சு.

பாவா நானாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "கையால அமுக்கிப் பாத்து வாங்குறதுக்கு இதென்ன ரொட்டிப் பாணா? மெத்தன்னா படுத்துப் பாத்து வாங்கணும்மா."

அம்மா ரெண்டடி பின்னாடி போயிருச்சு. "கடை நடுவுலயா? ரோட்டுல போறவன் வாறவன்லாம் பாக்குறான். நல்லா இருக்கே ஒங்க நியாயம்!"

அப்பறம் என் காதுக்குள்ள: "நீ படுத்துப் பாருடி. ஒன் ஒடம்பும் என் ஒடம்பும் ஒன்னுதானே."

நானும் ஒரு மண்டு, படுத்தேன். ஸ்பஞ்சு மெத்த, பூப்போட்ட துணி. அப்படியே உள்ள வாங்கிக்கிச்சு. ஆத்தாடி, கார்மெண்ட்ஸ் மெஷின் முன்னால குந்தியிருந்த வலியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. டாக்டர் சொன்னது எல்லாம் மறந்து போச்சு.

"அம்மா, இதுதாம்மா! இதையே எடுப்பம்!"

"தங்கச்சிக்கு இந்த வயசுல பாறாங்கல்லுலயும் தூக்கம் வரும்" அப்படின்னாரு பாவா நானா. "வலி யாருக்கு? அவங்க முதுகுல்ல சொல்லணும்." அப்படியே உள்பக்கம் திரும்பி, "உம்மு குல்சும், இங்க கொஞ்சம் வாங்க" அப்படின்னு கூப்பிட்டாரு.

கடைக்குப் பின்னாலதான் அவங்க வீடு. அவரு சம்சாரம் முந்தானையில கையத் தொடச்சிக்கிட்டு வந்தாங்க. விஷயத்தக் கேட்டதும் அம்மா கையப் புடிச்சிக்கிட்டாங்க.

"உள்ளுக்கு வாங்க. சாமான் அறையில நாலு மெத்த கெடக்கு. ஆம்பளைங்க யாரும் வரமாட்டாங்க, நான் வாசல்ல நிக்கிறேன்."

அம்மா என்னையப் பாத்துச்சு. நான் மொறைச்சேன். அம்மா உள்ள போச்சு.

மொதல்ல நான் சொன்ன ஸ்பஞ்சு. அம்மா குந்துச்சு, சாஞ்சுச்சு, அம்புட்டுதான். இடுப்பு உள்ள போயிருச்சு, தலையும் காலும் மேல. "ஜீவா, ஜீவா, தூக்குடி!"ன்னு கத்துது. நானும் உம்மு குல்சும் அம்மாவும் ஆளுக்கொரு கையப் புடிச்சு இழுத்தோம். எனக்கு வெக்கமா போச்சு. இதத்தான நான் வாங்கச் சொன்னேன்!

அடுத்து ஒரு தேங்காத் தும்பு மெத்த. மேல மெல்லிசா ஸ்பஞ்சு வச்சது, பாக்க ஒரு அழகும் இல்ல. அம்மா செருப்பக் கழட்டிட்டுக் காலப் பாத்துச்சு. வெடிச்சு, கொழுந்துச் சாயம் ஏறிப்போன காலு.

"அழுக்கா இருக்கும்மா. புது மெத்த."

"பொலித்தீன் போட்டுத்தானே இருக்கு. அதுக்கு என்ன வரப்போகுது. படுங்க."

அம்மா ஓரத்துல படுத்துச்சு. உம்மு குல்சும் அம்மா, "நடுவுக்கு வாங்க" அப்படின்னதும் கொஞ்சம் நகந்துச்சு. அப்பறமும் கொஞ்சம். காலு ரெண்டையும் நீட்டுச்சு.

"எப்படிம்மா இருக்கு?" அப்படின்னேன்.

கண்ணு மூடியிருந்துச்சு.

"அம்மா?"

தூங்கிருச்சுங்க. நெசமா. வாயத் தொறந்து, கை ரெண்டும் விரிஞ்சு கெடக்க, மல்லாக்கப் படுத்துத் தூங்குது. எங்கம்மா மல்லாக்கப் படுத்து நான் ஒரு நாளும் பாத்தது கெடையாது. வீட்டுல எப்பவும் சுருண்டுக்கிட்டு, வலிக்காத பக்கமாத் தேடித்தேடிப் படுக்கும்.

எழுப்பக் கையத் தூக்குனேன். உம்மு குல்சும் அம்மா என் கையப் புடிச்சாங்க. வாயில வெரல வச்சாங்க. திரையை இழுத்து மூடிட்டு, வெளிய ஆணி அடிச்சிக்கிட்டு இருந்த மகன் அம்ஹர அதட்டிட்டு வந்தாங்க. எனக்கு ஒரு பிளேன்டீ குடுத்தாங்க.

பன்னெண்டரை பஸ் போற சத்தம் கேட்டுச்சு. எழுப்பணும். வீட்டுக்கு ஆள் வாராங்க, எழுப்பணும். என்னால முடியல. நீங்களே சொல்லுங்க, ஒங்களால முடியுமா?

அம்மாவா எந்திரிச்சப்ப மத்தியானம் நல்லா சாஞ்சிருந்துச்சு. கண்ண முழிச்சு, மொதல்ல கூரையப் பாத்துச்சு, அப்பறம் என்னைய. "ஐயையோ! மானம் போச்சே! ஊரான் வீட்டுல பொணம் மாதிரி கெடந்திருக்கேனே! ஏன்டி எழுப்பல?"ன்னு தலையில அடிச்சிக்கிட்டுச்சு.

ஒன்னு மட்டும் அது கவனிக்கல. செவத்தப் புடிக்காம எந்திரிச்சிருச்சு.

அந்த மெத்தையையே எடுத்தோம். போனஸுக்குள்ள அடங்கிருச்சு, பாவா நானா கொஞ்சம் கொறைச்சும் குடுத்தாரு. பில்ல நீட்டும்போது சொன்னாரு: "பொலித்தீன் பிரிக்காம இருந்தா எப்ப வேணும்னாலும் கொண்டாந்து மாத்திக்கலாம். பிரிச்சிட்டீங்க, என் வாப்பாவே எந்திரிச்சு வந்து கேட்டாலும் மாத்தமாட்டேன்."

"நாங்க எங்க பிரிக்கப்போறோம்" அப்படின்னுச்சு அம்மா. எங்க தோட்டத்து லய வீடுகள்ல குந்துற கதிரைக்கும் பொலித்தீன் பிரிக்கிறது இல்ல, டீவி ரிமோட்டுக்கும் பிரிக்கிறது இல்ல. கிழியிற வரைக்கும் புதுசுன்னு பேரு இருக்கட்டுமே.

*

அம்ஹர் நோட்டன் பக்கம் லொறி கொண்டு போறதால எங்களையும் மெத்தையையும் ஏத்திக்கிட்டாரு. நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கிட்டு லயத்துக்கு ஏறுனோம். மெத்தய எறக்குனதும் அவரு லொறிக்குத் திரும்பிட்டாரு. எங்க வீட்டு வாசத் திண்ணை இஸ்தோப்புல பழக்கமில்லாத செருப்பு வரிசையா கெடந்துச்சு.

வந்துட்டாங்க.

உள்ள பொண்ணோட அத்தை காளியாயி, கூட ரெண்டு ஆம்பளைங்க. கொழும்புல இருந்து வந்த அண்ணன் புதுச் சட்டையோட நிக்குது. எங்கப்பா செல்லசாமி, மூஞ்சி செவந்துபோய் உக்காந்திருக்காரு. ஒரு வாய் டீ ஊத்திக் குடுக்க வீட்டுல பொம்பளை இல்ல. அந்தக் கோவம்.

காளியாயி எங்கள மேலயும் கீழயும் பாத்தாங்க. "எங்கயோ தூரமாப் போயிட்டு வாராங்க போல?"

அப்பா பட்டுன்னு எந்திரிச்சாரு. மெத்தையப் பாத்தாரு. வாயில வந்தத சொல்லிட்டாரு:

"கல்யாண மெத்த வாங்கத்தாங்க போயிருந்தாங்க. புள்ளைங்களுக்கு. நாங்க எல்லாம் முன்கூட்டியே செஞ்சிருவம்."

நான் வாயத் தொறந்தேன். அம்மா என் கையக் கிள்ளுச்சு. நல்லா, நகம் பதியக் கிள்ளுச்சு.

மெத்த உள் அறை காம்பராவுக்குப் போச்சு. காளியாயி பின்னாலயே வந்தாங்க. பொலித்தீனுக்கு மேல கைய வச்சு ஒரு அமுக்கு. மூஞ்சிய சுளிச்சாங்க.

"என்னங்க இது, கல்லு மாதிரி இருக்கு? எங்க புள்ள கொழுந்து மலைப் பக்கமே போனதில்ல. ஒரு கனம் தூக்கவிட்டதில்ல, பூ மாதிரி வச்சிருக்கோம். அதப் போய் இதுல படுக்க வைக்கிறதா?"

எங்கண்ணன் அவசரமா, "பொலித்தீன் பிரிக்கலங்க அத்தை. நாளைக்கே கொண்டு போய் நல்ல ஸ்பஞ்சா மாத்திருவேன்" அப்படின்னுச்சு.

அத்தையாம்! இன்னும் பரிசம் போடல, அதுக்குள்ள அத்தை!

அம்மா அடுப்படிக்குப் போய் எல்லாருக்கும் டீ ஊத்துச்சு. ஒரு கையால கேத்தலப் புடிச்சு, ஒரு கையால செவத்தப் புடிச்சு.

அவங்க போனதும் நான் வெடிச்சேன்.

"யாரு காசுல, யாருக்கு வாங்குன மெத்தப்பா அது?"

"அப்ப என்னத்த சொல்லச் சொல்ற?" அப்பா கத்துனாரு. "எம் பொண்டாட்டி ஹட்டன் கடையில படுத்துத் தூங்கிட்டு வாறான்னு சொல்லவா?" அம்மாதான் டீ ஊத்துறப்ப மெதுவா அவருகிட்ட சொல்லியிருக்கு, ஏன் லேட்டுன்னு. ஒளிக்கத் தெரியாத ஜென்மம்.

"ஆமா, சொல்லுங்க! தூங்குனா என்னா? கொலையா பண்ணுச்சு?"

"ஜீவா, கல்யாணம் முடியட்டும்" அண்ணன் நடுவுல வந்துச்சு. "அம்மாவுக்கு நான் வேற நல்லதா வாங்கித் தாறேன். அப்பறம்..."

"அப்பறம்! இந்த வீட்டுல அம்மாவுக்கு மட்டும் எல்லாமே அப்பறம்! ஒனக்கு சட்டை இப்ப, அப்பாவுக்கு மரியாதை இப்ப, அந்தக் காளியாயிக்கு ஸ்பஞ்சு நாளைக்கு. அம்மா முதுகு மட்டும் அப்பறமா?"

அண்ணன் கண்ணு கலங்குச்சு. அது கெட்டது இல்ல, அதுவும் பாவம்தான். அதுக்காக நான் அடங்கிருவேனா?

"ஜீவா." அம்மா டம்ளரக் கழுவிக்கிட்டே கூப்பிட்டுச்சு. கோவமே இல்ல கொரலுல. "விடுடி. நான்தான் கடையிலயே தூங்கிட்டேன்ல. சும்மா சொல்லக்கூடாது, நல்ல தூக்கம். அது போதும் எனக்கு."

ஒரு பகல் தூக்கத்தக் கடையில தூங்கிட்டு, அதுவே ஆயுசுக்கும் போதும்னு சொல்லுது. இந்தப் பொம்பளைய என்னா பண்ணுறது?

விருந்தாளிங்க வேன் கெளம்பிருச்சான்னு பாக்கணும்னு அப்பாவும் அண்ணனும் ரோட்டுக்கு எறங்கிப் போயிட்டாங்க. அம்மா கொடத்த எடுத்துக்கிட்டுப் பீலிக்குத் தண்ணி புடிக்கப் போச்சு. நான் போறேன்னேன், கேக்கல.

உள் காம்பராவுல நானும் மெத்தையும்தான். என் போன் அடிச்சுச்சு.

தனுஜா. கல்யாணப் பேச்சு தொடங்குன நாள்ல இருந்து எனக்கு மட்டும் மெசேஜ் போடுவாங்க.

"ஜீவா, பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

"இல்ல அண்ணி. சொல்லுங்க."

"அத்தை வேன்ல இருந்து போன் பண்ணுனாங்க. மெத்த கல்லு மாதிரி இருக்காம், மாத்தப் போறாங்களாமே?"

ஒனக்கும் பூ மெத்த வேணுமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

"மாத்த வேணாம் ஜீவா" அப்படின்னாங்க. அழுகுற சத்தம் கேட்டுச்சு. "ஒங்கள கும்புடுறேன், மாத்தவிட்டுறாதீங்க. அத்தை சொன்னதெல்லாம் பொய். நான் மலைக்குப் போனதில்லதான். ஆனா மரக்கறித் தோட்டத்துல லீக்ஸ் மூட்டை தூக்கியிருக்கேன், பள்ளிக்கூடம் விட்டதுல இருந்து. முதுகு புடிச்சிருச்சு. ஸ்பஞ்சுல படுத்தா எந்திரிக்க ஏலாது. இங்க பலகையிலதான் படுக்கிறேன். வீட்டுல வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாங்க, சொன்னா எவன் கட்டுவான்னு."

நான் செவத்துல சாஞ்சிட்டேன்.

"கல்லு மாதிரி மெத்தன்னு அத்தை திட்டுனப்ப, எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா ஜீவா? அந்த வீட்டுல போய்த் தூங்கிறலாம்னு இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. ஒங்கண்ணன்கிட்டயும்."

"சரி அண்ணி" அப்படின்னேன். வேற என்னத்த சொல்ல?

போன வச்சிட்டு மெத்தையப் பாத்தேன். இந்த மெத்தையில எங்கம்மா தூங்குனதையும் பாத்துட்டேன், அந்தப் புள்ள அழுததையும் கேட்டுட்டேன். ரெண்டு பேரும் எனக்கு வேணும். ஆனா ஒருத்திதான் என்னையப் பெத்தவ.

கதவு மூலையில அப்பா தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி இருந்துச்சு. எடுத்தேன். தலைமாட்டுல குத்தி, கால்மாடு வரைக்கும் ஒரே இழு. பொலித்தீன் ரெண்டா பிரிஞ்சு தொங்குச்சு.

"அடிப்பாவி!"

அம்மா வாசல்ல. இடுப்புல தண்ணிக்கொடம், ஒரு கை நெலையில. "என்னாடி பண்ணிட்ட! இனிமே எப்படி மாத்துவான் ஒங்கண்ணன்? அந்தப் புள்ளைக்கு என்னா பதில் சொல்லுவான்?"

கொடத்த வாங்கி வச்சேன். பீலியில இருந்து வாறதுக்குள்ள வேத்து நனைஞ்சிருந்துச்சு. மூச்சு வாங்குது, நெலைய விட்டு கைய எடுக்க முடியல.

"அந்தப் புள்ளதாம்மா இப்ப போன் பண்ணுச்சு."

"என்னா சொல்லுச்சு?"

நான் அம்மா மொகத்தப் பாத்தேன். நெசத்த சொன்னா என்னா நடக்கும்னு எனக்குத் தெரியும். கிழிஞ்ச பொலித்தீன ஊசி நூலால தச்சாவது அந்தப் புள்ளைக்குன்னு எடுத்து வச்சிரும். அம்மா சாகுற வரைக்கும் தரையிலதான்.

"அதுக்கு இந்த மெத்த வேணாமாம்மா. கல்லுல எல்லாம் அதால படுக்க முடியாதாம். வாறப்ப அதுவே நல்ல ஸ்பஞ்சா கொண்டாருமாம்."

"நெசமாவா?"

"நெசமா."

"எனக்கே வச்சிக்கச் சொல்லிருச்சா?"

"ஆமாம்மா. ஏறிப் படு."

அம்மா நம்பல, நம்பாமலும் இல்ல. முந்தானையால காலத் தொடச்சிச்சு. ஓரத்துல குந்துச்சு, சாஞ்சுச்சு, யாரும் சொல்லாம தானா நடுவுக்கு நகந்துச்சு. காலு ரெண்டையும் நீட்டுச்சு.

"வயசுப் புள்ள, எனக்காக விட்டுக் குடுத்திருக்கு பாரு" அப்படின்னுச்சு கண்ண மூடிக்கிட்டே. "அது மவராசியா இருக்கணும்டி. ஒரு நோய் நொடி அத அண்டக்கூடாது."

சொல்லி முடிக்கிறதுக்குள்ள தூங்கிருச்சு. என் கையில போன் திரும்ப அடிச்சுச்சு. தனுஜா அண்ணி.

அம்மா முழிச்சிறப் போகுதேன்னு போன வயித்தோட அமுக்கிப் புடிச்சேன். அது அடிச்சிக்கிட்டே இருந்துச்சு.